முன் வண்டி நிற்காத இடம்

போன வருஷம் வரை என் வீட்டுக்காரர் தன் தம்பியிடம் நேருக்கு நேர் கடைசியாகச் சொல்லியிருந்தது "கைய எடு" என்பதுதான். அதற்குப் பிறகு இத்தனை வருஷமாகத் தம்பியிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் என்னிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒரே ஷெட்டில், ஒரே வண்டிக்கு அடியில், தோளோடு தோள் உரசப் படுத்துக்கொண்டு வேலை பார்த்தவர்கள்.

எங்கள் ஷெட்டில் மலைக்குப் போகிற ஜீப்புகளைத் தயார் செய்கிறோம். தார் ரோட்டில் ஓடுகிற வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். அதை உயர்த்தி, பெரிய டயர் போட்டு, அடிவயிற்றில் கல் இடிக்காமல் தகடு அடித்து, முன்னால் இரும்புக் கயிறு சுற்றிய வின்ச் வைத்துத் திருப்பிக் கொடுப்போம். சேற்றில் மாட்டிக்கொண்டால் அந்தக் கயிறுதான் இழுத்துக் கரைசேர்க்கும். வெல்டிங் என் வீட்டுக்காரர் வேலை. எஞ்சினும் பிரேக்கும் என் கொழுந்தன் வேலை. போன் எடுப்பது, சாமான் வரவழைப்பது, வண்டிக்காரர்களிடம் சிரித்துப் பேசுவது எல்லாம் நான். அண்ணன் தம்பிப் பேச்சு நின்ற பிறகு தபால் வேலையும் என் தலையில் வந்து விழுந்தது.

சண்டையின் காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு வண்டிக்காரர் தன் ஜீப்பைப் பார்க்க வந்திருந்தார். வண்டியின் அடிச்சட்டத்தில், அதாவது சேஸிஸில், தான் அடித்திருந்த வெல்டிங்கை என் வீட்டுக்காரர் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தார். கொழுந்தன் குனிந்து அதன் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது நிக்காது. இன்னொரு தடவ அடிச்சுடலாம்" என்றான். வெளியாள் முன்னால் சொன்னான், அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். வந்தவர் சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரர் "கைய எடு" என்றார். அன்று சாயங்காலமே எல்லோரும் போன பிறகு தனியாக உட்கார்ந்து, அந்த வெல்டிங்கை அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாக அடித்தார். தம்பி சொன்னது சரி என்று அவருக்கே தெரியும். தெரிந்ததுதான் வினை. தப்பாகச் சொல்லியிருந்தால் மறுநாளே மன்னித்திருப்பார்.

அதிலிருந்து இந்தக் கூத்துதான். தம்பி கைக்கெட்டும் தூரத்தில் நிற்பான். இவர் என்னைப் பார்த்து, அவனிடம் ஸ்பேனரைக் கேள் என்பார். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் "இந்தாங்கண்ணா" என்று நீட்டுவான். இவர் வாங்க மாட்டார். நான் எழுந்து போய் அவன் கையிலிருந்து வாங்கி இவர் கையில் கொடுக்க வேண்டும். அதற்குள் கல்லாவில் போன் அடித்து ஓய்ந்திருக்கும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு ஒரு பக்கம்தான் இடி, அதுவும் தாலி கட்டிய பக்கம். கொழுந்தன் ஒரு நாளும் என்னைத் தூது அனுப்பியதில்லை. பதில் வராது என்று தெரிந்தும் "சாப்பிட்டீங்களாண்ணா", "டயர் வந்துடுச்சுண்ணா" என்று அண்ணன் முகத்தைப் பார்த்தே பேசுவான். சுவரோடு பேசினால்கூட எதிரொலியாவது வரும்.

பாசமில்லாத மனிதர் என்று என் வீட்டுக்காரரைச் சொல்ல மாட்டேன். சொல்ல முடிந்தால் என் எரிச்சல் பாதி குறைந்திருக்கும். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கி வந்து என் முன்னால் வைத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் போவார். அவன் சாப்பிட்டானா என்று சட்டியில் எட்டிப் பார்ப்பார். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்வதற்கு மட்டும் அவருக்கு யாரோ பூட்டுப் போட்டுச் சாவியை விழுங்கியிருந்தார்கள். அந்த யாரோ அவரேதான்.

இந்த வருஷம் சீசன் தொடங்கும் முன்பு என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி, ஒரு சேதி கொண்டுவந்தாள். கடலோரத்து நகரம் ஒன்றில் பெரிய கம்பெனியின் வண்டிப் பட்டறையில் அவள் அண்ணன் இவனுக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறான். அவளுக்குப் போய்விட வேண்டும் என்று ஆசை. நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். தன் புருஷன் தினமும் ஒரு சுவரிடம் குட் மார்னிங் சொல்வதை எவள் பார்த்துக்கொண்டிருப்பாள்?

கொழுந்தன் மட்டும் சம்மதம் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் மதியம் ஷெட்டில் ஆளில்லாத நேரத்தில் கேட்டேன். அவன் கையிலிருந்த கார்புரேட்டரைக் கீழே வைக்கவில்லை. "அண்ணன் ஒரே ஒரு தடவ என்கிட்ட நேரா பேசட்டும் அண்ணி. என்ன வேணா பேசட்டும். நான் எங்கயும் போகல" என்றான்.

சொத்து பத்தெல்லாம் கேட்காமல் ஒரு வார்த்தை கேட்கிற தம்பி எந்த வீட்டில் இருப்பான்? நான் அப்படியே போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லாத பிறகும் துடைத்தார். கடைசியில், அவன் இஷ்டம் என்று அவனிடம் சொல் என்றார். நான் சொல்லவில்லை. இந்தத் தபாலை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அப்போதுதான் மேல் முகாமிலிருந்து ஆர்டர் வந்தது. எங்கள் மலையின் உச்சிக் கணவாய்க்கு அருகே மலையேறிகள் தங்குகிற முகாம் ஒன்று இருக்கிறது. அதன் முதலாளி இரண்டு ஜீப்புகளைச் செய்யச் சொல்லியிருந்தார். பனி விலகியவுடன் நாங்களே ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைக்க வேண்டும். இரண்டு வண்டிக்கு இரண்டு டிரைவர். வேறு ஆள் போட்டுக்கொள்ளலாம் என்றார் என் வீட்டுக்காரர். முடியாது, அண்ணன் தம்பி இரண்டு பேரும்தான் போகிறீர்கள், கூட நானும் ஓரகத்தியும் வருகிறோம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். மேலே காற்று குறைவு, பேச்சுத் துணை இல்லாவிட்டால் மனிதனுக்குப் பித்துப் பிடிக்கும், அங்கேயாவது இவர் வாயைத் திறக்கமாட்டாரா என்பதுதான் என் கணக்கு. கிளம்புவதற்கு முன்தினம் இவர் தம்பி ஓட்டப்போகிற வண்டிக்கு அடியில் படுத்து, பிரேக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக் இவர் வேலையே இல்லை. எனக்கு நம்பிக்கை வந்தது அதைப் பார்த்துத்தான்.

மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பின்னால் வருகிறவன் முன்னால் போகிறவனின் பொறுப்பு. செங்குத்தான ஏற்றத்தில் இரண்டு வண்டி ஒன்றாக ஏறாது. முன் வண்டி சறுக்கினால் பின் வண்டியின் தலையில்தான் விழும். அதனால் பின்னவன் கீழே காத்திருந்து, முன்னவன் ஏறி முடித்த பிறகுதான் கிளம்புவான். அப்போது ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரிய மாட்டார்கள். ஆகவே பாதை எங்கே பிரிகிறதோ அங்கே முன்னவன் நிற்க வேண்டும். கையை வெளியே நீட்டித் திரும்ப வேண்டிய பக்கத்தைக் காட்ட வேண்டும். பின்னவன் பார்த்துவிட்டு விளக்கை மினுக்கிய பிறகே நகர வேண்டும். இந்தச் சட்டத்துக்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. பிரிகிற இடத்தில் முன் வண்டி நிற்கவில்லை என்றால் திருப்பம் இல்லை, நேராகப் போ என்று அர்த்தம். அண்ணன்தான் இதைத் தம்பிக்குக் கற்றுக்கொடுத்தார், பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

நாங்கள் முன்னால் போனோம். அவர்கள் பின்னால் வந்தார்கள். வண்டிக்கு ஒரு வாக்கி-டாக்கி இருந்தது. எங்கள் வண்டியில் அது என் மடியில்தான் இருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மரங்கள் முடிகிற வரை பாதை சாதுவாக இருந்தது. அதற்கு மேல் புல், புல்லுக்கு மேல் வெறும் கல். கல்லில் பிடிப்பதற்காக டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, ஃபோர் வீல் போட்டுக்கொண்டு, ஆமை வேகத்தில் ஏறினோம். ஒவ்வொரு பாறையிலும் வண்டி ஒரு பக்கம் தூக்கி மறுபக்கம் இறங்கும்போது என் தலை கூரையில் இடித்தது. கீழே பச்சை நிறத்தில் ஒரு ஏரி. எதிரே பனி வழிகிற சிகரங்கள், அவற்றின் இடுப்பில் மேகம். காலண்டரில் மாட்டுகிற அழகு. அழகை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வாய் திறக்காத ஆளின் பக்கத்தில் உட்கார்ந்தால் சொர்க்கமும் ஆஸ்பத்திரி பெஞ்சுதான்.

ஆனாலும் அன்று அவரிடம் ஏதோ இளகியிருந்தது. பனி உருகி ஓடிவருகிற ஓடை ஒன்றை நாங்கள் கடந்ததும் வண்டியை நிறுத்தினார். தம்பியின் வண்டி தண்ணீரில் இறங்குவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். நடு ஓடையில் அது ஒரு பக்கம் சாய்ந்தபோது இவர் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. நின்றுகொண்டிருக்கிற வண்டியின் பிரேக்கை! தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சும்மா சொல்லவில்லை. அவன் கரையேறிய பிறகுதான் கியர் போட்டார். வழியில் பாதை பிரிந்த இடங்களிலெல்லாம் நின்றார். திருப்பங்கள் இடது பக்கமாகவே இருந்ததால் கையை நீட்டுகிற வேலை என்னுடையதானது. அவன் விளக்கை மினுக்கினான். எனக்கு மினுக்கினான், இவர் பார்த்துக்கொண்டார்.

சமதளமாக ஓர் இடம் வந்ததும் சாப்பிட இறங்கினோம். ரொட்டியும் அவித்த முட்டையும் இருந்தன. அந்தக் குளிரில் கொழுந்தன் பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி நேராக அண்ணனிடம் கொண்டுபோய் நீட்டினான். நான் பழக்கதோஷத்தில் பாதி எழுந்துவிட்டேன். இவர் கையை நீட்டி அவனிடமிருந்தே வாங்கிக்கொண்டார். என் ஓரகத்தி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். டீயைக் குடித்துவிட்டு இவர் தொண்டையைச் செருமினார். சத்தியமாகச் சொல்கிறேன், ஏதோ சொல்லத்தான் செருமினார்.

வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்தது. கொழுந்தன் அதற்குள் எங்கள் வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டான். அவனுக்கு எந்த வண்டி நின்றாலும் குனிந்து பார்க்காவிட்டால் சோறு இறங்காது. "அண்ணா, முன்னாடி ஸ்பிரிங் பட்டையில ஒரு நட்டு தளர்ந்திருக்கு. டைட் பண்ணிடட்டுமா?" என்றான். அது நல்ல மனதோடு கேட்டது. ஓரகத்தி சும்மா இருந்திருக்கலாம், அவளும் சந்தோஷத்தில் இருந்தாள் போல. ஷெட்டில் முடுக்காததை மலையில் வந்து முடுக்க வேண்டியிருக்கிறதே என்று சொல்லிச் சிரித்தாள். இவர் முகம் ஷட்டர் இறக்கிய கடை மாதிரி ஆனது. டம்ளரைக் கல்லின் மேல் வைத்தார். வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தார். நான் ஓடிப்போய்த்தான் ஏற வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தபோது அவன் ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு கடைசி ஏற்றம். சட்டப்படி அவன் கீழே நின்று காத்திருந்தான். நாங்கள் ஏறத் தொடங்கியதும் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. ஒவ்வொரு கல்லிலும் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் டக், டக் என்று ஒரு தட்டல். தளர்ந்த நட்டுதான். எனக்குக் கேட்டது, இவருக்கும் கேட்டது. என்ன சத்தம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒவ்வொரு தட்டலுக்கும் அவர் தாடை இறுகுவது எனக்குத் தெரிந்தது.

ஏற்றம் முடிந்ததும் பாதை பிரிந்தது. முகாமுக்கு எப்போதும் நேராகத்தான் போவோம். மலைச்சரிவை ஒட்டி வளைந்து போகிற பழைய பாதை அது. இவர் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார். புதிதாக வெட்டிய மண்பாதை ஒன்று அங்கே மேலேறிப் போனது. இப்படி ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். பழைய பாதை போன மழையில் அறுந்துபோய்விட்டது, முகாம் முதலாளி போனில் சொன்னார் என்றார். அந்தப் போன் எப்போது வந்தது என்றே எனக்குத் தெரியாது. தம்பிக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரிந்திருக்கும் என்றார்.

"யார் சொல்லித் தெரியும்? நீங்க சொன்னீங்களா? என்கிட்டயே சொல்லல. வண்டிய நிறுத்துங்க."

அவர் நிறுத்தவில்லை. ஏற்றத்தில் நிறுத்தினால் சறுக்கும் என்றார். அந்த இடத்தில் அது அப்படியொன்றும் ஏற்றம் இல்லை, என் கண்ணுக்குத் தெரியாதா? காரணம் வேறு. நின்றால் தம்பி வந்து சேருவான். அவன் விளக்கை மினுக்கிய பிறகு நாங்கள் நகர வேண்டும். நகர்ந்தால் அந்த டக் டக் அவன் காதில் விழும். அதோடு இந்தத் திருப்பம் வலது பக்கம். டிரைவர் கைதான் வெளியே நீள வேண்டும், என் கை செல்லாது. தம்பியைப் பார்த்து ஒரு கையை நீட்டி, அவனுக்குத் தன் வண்டியின் ஓட்டைச் சத்தத்தையும் கேட்கக் கொடுக்க வேண்டும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதரால் அது முடியுமா?

வாக்கி-டாக்கியை எடுத்து வலது பக்கம், வலது பக்கம் என்று கத்தினேன். அதற்குள் ஒரு பாறை முகடு நடுவில் வந்துவிட்டது. கரகரவென்று இரைச்சல் மட்டும் வந்தது. கதவைத் திறந்துவிடுவேன் என்று சொன்ன பிறகு, கொஞ்சம் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். எஞ்சின் நின்றதும் அந்த உயரத்தில் காதை அடைக்கிற அமைதி. பின்னால் வண்டிச் சத்தம் கேட்க வேண்டிய நேரம் வந்தது, போனது. அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வருவான், வருவான் என்று வாய்க்குள் முனகினார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

நான் இறங்கிக் கீழே ஓடினேன். ஓடினேன் என்பது பேச்சுக்கு. அந்த உயரத்தில் நாலு எட்டு வைத்தால் மூச்சு தொண்டையில் கட்டையாக நிற்கிறது. அங்கங்கே முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று, மறுபடி இறங்கினேன். பின்னால் இவர் வண்டியை ரிவர்ஸில் இறக்கிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. திருப்ப இடமில்லாத பாதை அது. பிரிவுக்கு வந்தபோது அங்கே யாரும் இல்லை. அந்த இடம் முழுக்கச் சல்லிக்கல், டயர் தடம் விழாத தரை. நாங்கள் வலது பக்கம் திரும்பியதற்கு அங்கே ஓர் அடையாளமும் இல்லை. அவன் வந்திருப்பான். பார்த்திருப்பான். அண்ணன் நிற்கவில்லை. பழகிய பாதை நேராகக் கிடக்கிறது. அவனுக்குச் சந்தேகப்பட ஒரு காரணமும் இருந்திருக்காது.

பழைய பாதையில் நடந்தேன். வளைவைத் தாண்டியதும் வண்டி தெரிந்தது. பாதை அங்கே இல்லை. கடித்த ரொட்டி மாதிரி மலையே போயிருந்தது. ஜீப்பின் இடது முன் சக்கரம் காற்றில் தொங்கியது, மற்ற மூன்றும் தரையில் இருந்தன. என் ஓரகத்தி மலைச்சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொழுந்தன் பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்கக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தான். அவனை உயிரோடு பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அவன் அருகே வந்து, "ஒண்ணும் இல்ல அண்ணி, பிரேக் நல்லா பிடிச்சுது" என்றான். பிரேக் குழாயைத் தடவிப் பார்த்தது யார் என்று அவனுக்குத் தெரியாது. அதை அந்த நேரத்தில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு கையால் காப்பாற்றி மறு கையால் தள்ளிவிட்ட கதையை எந்த வாயால் சொல்வது?

ஓரகத்தியிடம் போனேன். கையைப் பிடித்தேன், பனிக்கட்டியாக இருந்தது. உருவிக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் பிரிவில் வண்டியைத் திருப்பி, மூக்கை இந்தப் பக்கம் வைத்து ஓட்டிக்கொண்டு வந்தார். அந்த டக் டக் வளைவுக்கு அப்பாலேயே கேட்டது. இறங்கினார். தொங்குகிற சக்கரத்தைப் பார்த்தார். அதற்குக் கீழே இருந்த பள்ளத்தைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. தம்பி அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை வருஷமாக அவன் காத்திருந்த நேரம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. இந்த இடத்தில் எந்த அண்ணனும் பேசிவிடுவான். கல்லுக்கே வாய் வந்துவிடும்.

அவர் பேசினார்.

"வண்டிய என்னடா பண்ணி வச்சிருக்க?"

தம்பி பின்னால் பிரிவு இருந்த பக்கம் கையைக் காட்டினான்.

"நீங்க நிக்கலண்ணா. நீங்க நிக்கலன்னா நேரா போகணும்னு…"

"நான் நிக்கலன்னா? உனக்குக் கண்ணு இல்லயா? எதுத்தாப்புல ரோடு இருக்கா இல்லயான்னு பாத்து ஓட்டத் தெரியாதா? பெரிய மெக்கானிக்காம். ஊர் வண்டியெல்லாம் குனிஞ்சு பாப்பான், தன் மூக்குக்கு நேரா இருக்கறது தெரியாது."

பயம்தான் அவருக்குக் கோபமாக வந்தது என்று எனக்குப் புரிந்தது. கூட வாழ்கிறவளுக்குப் புரியாதா? அந்த ஏச்சுக்கு அடியில், நீ போயிருந்தால் நான் என்ன ஆவேன் என்பது இருந்தது. இருந்து யாருக்கு லாபம்? கேட்கிறவன் காதில் பயம் விழாது, சொல்தான் விழும். இத்தனை வருஷம் சேர்த்துவைத்த வாயைத் திறந்து, உள்ளே இருந்ததில் கடைசித் தரமானதை எடுத்துப் போட்டார்.

நான் அவரைத் திட்டினேன். பிரிவில் நிற்காமல் போனது யார், போன் வந்ததைச் சொல்லாமல் மறைத்தது யார், அந்த நட்டுச் சத்தத்துக்குப் பயந்து தம்பியைப் பள்ளத்துக்கு அனுப்பினீர்களா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அவர் வின்ச் பக்கம் போனார். கொழுந்தனும் போனான்.

அந்த வேலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் இரும்புக் கயிற்றைத் தளர்த்தினார், மற்றவன் கொக்கியை எடுத்துக்கொண்டு நடந்தான். அவன் பின் பம்பரில் மாட்டிக் கையைத் தூக்கினான், இவர் இழுத்தார். கல்லை எடுக்க வேண்டிய நேரத்தில் அவன் எடுத்தான், நிறுத்த வேண்டிய நேரத்தில் இவர் நிறுத்தினார். ஒரு பேச்சில்லை, ஒரு பிசகில்லை. தொங்கிய சக்கரம் அங்குலம் அங்குலமாக மேலே வந்து தரையில் உட்கார்ந்தது. நான்கு கை ஒரே உடம்பில் முளைத்த மாதிரி வேலை செய்தார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. இவ்வளவு பொருத்தத்தை ஒரு வார்த்தைக்குப் பலி கொடுத்தார்களே என்று எரிந்தது.

எல்லாம் முடிந்தது. வண்டியின் அடிப்பக்கம் ஒன்றும் ஆகவில்லை. தகடு மட்டும் நெளிந்திருந்தது. என் வீட்டுக்காரர் கயிற்றைச் சுற்றி முடித்துவிட்டு, அங்கேயே பம்பரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். கொழுந்தன் துணியில் கையைத் துடைத்தான். அண்ணனுக்கு ஒரு கை தூரத்தில்தான் இருந்தான். அங்கிருந்து என்னிடம் நடந்து வந்தான். அண்ணனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் முன்னால் நின்றான்.

"அண்ணி, அவர்கிட்ட சொல்லிடுங்க. இந்த வண்டிய மேல கொண்டுபோய் ஒப்படைச்சுடறேன். திரும்பிப் போனதும் நாங்க கெளம்பறோம்."

அவர்கிட்ட. அண்ணன்கிட்ட என்றுகூடச் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. சாமான் வாங்க வருகிற ஆள் பேசுகிற மாதிரி மரியாதையாகச் சொன்னான். அண்ணன்தான் பேசிவிட்டாரே, என்ன வேண்டுமானாலும் பேசட்டும் என்றாயே என்று நான் அவனிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஓரகத்தி மலைச்சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வண்டியின் பின் சீட்டில் போய் ஏறினாள். முன் சீட்டில் உட்கார அவளுக்கு இனி தைரியம் வராது. அவன் அவளுக்குக் கதவைச் சாத்திவிட்டு, டிரைவர் பக்கம் சுற்றிப் போய் எஞ்சினைக் கிளப்பினான்.

என் வீட்டுக்காரர் பம்பரிலிருந்து கையை எடுத்தார். அவன் சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியும். அந்த உயரத்தில் காற்றுகூட அப்போது வீசவில்லை. இருந்தும் என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்றான்?" என்றார்.

"போறானாம்" என்றேன்.